வாசகசாலைக் கம்ப்யூட்டரில் எந்தப் போட்டோ மென்பொருள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வாசகசாலையில் ஆறு பழைய கம்ப்யூட்டர்கள் உண்டு. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி இந்த வயதான பெட்டிகளில் கிடையாது. ஆறிலும் லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு 24.04 என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினோம். ஏற்றிய மறுநாளே ஒரு பெரியவர் பென்டிரைவோடு வந்து நின்றார்: "ஏனுங்க, இதுல போட்டோ எங்கீங்க பாக்கறது?" அங்கே தொடங்கியது. நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசி ஜிதம்ப் என்ற மென்பொருளை டிஃபால்ட்டாக, அதாவது கேட்காமலே முதலில் திறப்பதாக வைத்தோம். ஏன் அது, ஏன் மற்றது இல்லை என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

பிடிக்காவிட்டால் மாற்றிக்கொண்டால் போகிறது. ஒரு டிஃபால்ட்டுக்கு இத்தனை பேச்சு எதற்கு?

மாற்றத் தெரிந்தவருக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. பஸ் ஸ்டாண்டில் முன்னால் நிற்கும் பஸ்ஸில்தான் பெரும்பாலோர் ஏறுவார்கள். பின்னால் நிற்பது சீக்கிரம் போய்ச் சேரும் என்று தெரிந்து தேடிப்போகிறவர் ஒருவரோ இருவரோ. எங்களிடம் வருகிறவர்கள் பென்ஷன்காரர்கள், குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுய உதவிக் கூட்டத்துப் பெண்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். திரையில் எது முதலில் திறக்கிறதோ அதில்தான் தங்கள் வீட்டுக் கல்யாணப் போட்டோவைப் போடுவார்கள். அது போட்டோவை எங்கே கொண்டுபோய் வைக்கிறது, எதை எழுதி வைக்கிறது, எதை அழிக்கிறது என்று கேட்க மாட்டார்கள். அவர்கள் சார்பில் யாராவது கேட்கவேண்டும் அல்லவா?

இன்னொன்று. டிஃபால்ட் என்பது ஒன்றல்ல, இரண்டு. ஒரு படத்தின்மேல் இரட்டைக் கிளிக் செய்தால் திறப்பது பார்வை மென்பொருள். ஆயிரம் படங்களை அடுக்கி, பெயரிட்டு, தேடி எடுக்க உதவுவது மேலாண்மை மென்பொருள். உபுண்டு 23.10 தொட்டு, இயல்பாக நிறுவினால் அடிப்படைப் பொருட்கள்தான் வருகின்றன. பார்வை மென்பொருள் இருக்கும், மேலாளர் இருக்காது. அந்தக் காலி இடத்தில் யாரை உட்காரவைப்பது என்பதுதான் எங்கள் பஞ்சாயத்து.

பரிசீலனையில் இருந்தவை எவை?

ஜிதம்ப், ஷாட்வெல், டிஜிகேம் மூன்றும்தான். கேடிஈ மேசைச் சூழலின் க்வென்வியூ நல்ல பார்வை மென்பொருள். ஆனால் எங்களுக்கு வேண்டிய வேலை வேறு என்பதால் சீக்கிரமே விட்டுவிட்டோம். ஜினோம் போட்டோஸ் என்று ஒன்று இருந்தது. அதன் வளர்ச்சி நின்றுவிட்டது.

இந்தச் சண்டை நமக்கு மட்டும்தானா?

இல்லவே இல்லை. 2010-ல் உபுண்டுவே இதைப் போட்டுப் புரட்டியது. அன்றைக்கு எல்லாம் 700 எம்பி சிடி ஒன்றுக்குள் அடங்கவேண்டும். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போகவேண்டும். அந்த ஏப்ரலில் வந்த 10.04-ல் ஜிம்ப் என்ற பெரிய படத்திருத்த மென்பொருளைத் தூக்கினார்கள். சாதாரண ஆளுக்கு வெட்டவும் சிவந்த கண்ணைச் சரிசெய்யவும் எஃப்-ஸ்பாட் என்ற போட்டோ மேலாளர் போதும் என்றார்கள். ஆறே மாதத்தில், அக்டோபரில் வந்த 10.10-ல் அந்த எஃப்-ஸ்பாட்டையே இறக்கிவிட்டு ஷாட்வெல்லை ஏற்றினார்கள். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸும் அதே ஆண்டில் அதே மாற்றத்தைச் செய்தது.

எஃப்-ஸ்பாட் மோனோ என்ற தளத்தின்மேல் ஓடியது. மோனோ என்பது மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டுக்கு இணையாகக் கட்டற்ற மென்பொருள்காரர்கள் எழுதியது. காப்புரிமைச் சிக்கல் வரும் என்று ஒரு கூட்டம் பயந்தது, இடத்தை அடைக்கிறது என்று இன்னொரு கூட்டம் முணுமுணுத்தது. அதனால்தான் துரத்தினார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. என் கணக்கில் அது பாதிதான் சரி. மோனோவிலேயே ஓடிய டாம்பாய் குறிப்பேடு அதே 10.10-ல் உட்கார்ந்திருந்தது. அடுத்த பதிப்பான 11.04-ல் பன்ஷீ என்ற பாட்டு மென்பொருளும் மோனோவோடுதான் வந்து சேர்ந்தது. ஷாட்வெல் வேகமாக இருந்தது, பார்க்க எளிமையாக இருந்தது, அதன் பின்னால் சுறுசுறுப்பாக வேலைசெய்யும் ஆட்கள் இருந்தார்கள். இதைத்தான் நான் பெரிய காரணம் என்பேன்.

பிறகு என்ன நடந்தது? ஷாட்வெல்லை எழுதியது சான்ஃபிரான்சிஸ்கோவின் யோர்பா அறக்கட்டளை. அமெரிக்க வருமானவரித் துறை அதற்கு வரிவிலக்குத் தகுதியை 2014-ல் மறுத்தது. 2015-ல் யோர்பா கடையைக் கட்டியது. அடுத்த ஆண்டு ஒரு தன்னார்வலர் ஷாட்வெல்லை எடுத்து நடத்தத் தொடங்கினார், அதனால் பிழைத்தது. எஃப்-ஸ்பாட்டை அப்படி எடுத்து நடத்த யாரும் நிலைக்கவில்லை. சாய்ந்த மரத்துக்கு முட்டுக்கொடுக்க ஆள் கிடைப்பது அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

பிக்காசா மாதிரி ஒன்று கிடைக்காதா? அதில் எல்லாமே நன்றாக இருந்ததே?

இருந்தது. நானும் அதில்தான் பழகினேன். 2006-ல் லினக்ஸுக்கும் ஒரு பிக்காசா வந்தது, வைன் என்ற பாலத்தின்மேல் ஓடும் வடிவமாக. 2016 மார்ச்சில் கூகுள் மேசைக் கம்ப்யூட்டருக்கான பிக்காசாவை நிறுத்திவிட்டது.

பிக்காசாவில் ஒரு படத்தை வெளிச்சமாக்கினால், நட்சத்திரம் போட்டால், முகத்துக்குப் பெயர் சூட்டினால், அந்தச் சேதியில் பெரும்பகுதி ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் மறைந்திருக்கும் ஒரு சின்ன ஐஎன்ஐ ஃபைலில் போய் உட்காரும். அதைப் பிக்காசா படிக்கும். மற்றவை பெரும்பாலும் கண்டுகொள்ளா. எங்கள் ஊர்த் தமிழ் மாஷ் (வாத்தியார்) ஒருவர் அதில் சொந்தக்காரர் முகங்களுக்கெல்லாம் பெயர் கொடுத்து வைத்திருந்தார். புதுக் கம்ப்யூட்டருக்குப் படங்களை மட்டும் பொறுக்கிக் கொண்டுவந்தார். படங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. "படத்துல இருக்கிறவரு எனக்குத் தெரியும். எம் பேரனுக்கு யாரு சொல்லுவா?" என்றார்.

அந்த ஒரு கேள்விதான் நாலு வாரப் பேச்சையும் முடித்துவைத்தது. மென்பொருள் போன பிறகு போட்டோவோடு என்ன மிஞ்சும்? அழகு, வேகம், வசதி எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஷாட்வெல்லில் என்ன குறை? வீட்டில் எல்லோரும் அதைத்தானே வைத்திருக்கிறோம்?

வைத்திருங்கள், நல்ல மென்பொருள்தான். என் வீட்டு மடிக்கணினியிலும் அது இருக்கிறது. ஒரே படத்தை இரண்டு முறை உள்ளே இழுத்தால் கண்டுபிடித்து ஒதுக்கும். எடுத்த தேதியைப் பார்த்து நிகழ்ச்சி நிகழ்ச்சியாகப் பிரித்து வைக்கும். வெட்டினாலும் நிறம் மாற்றினாலும் மூலப்படத்தைத் தொடாது. எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம்.

அந்தக் கடைசி வசதியில்தான் வினை. மூலப்படத்தைத் தொடவில்லை என்றால் நீங்கள் வெட்டியது எங்கே இருக்கிறது? ஷாட்வெல்லின் டேட்டாபேஸில். ஒரு அம்மிணி தன் பெண்ணின் சீர் போட்டோவில் ஓரத்தில் லுங்கியோடு நின்ற மாமாவை நறுக்கிவிட்டு, ஃபோல்டரைத் திறந்து ஃபைலை பென்டிரைவில் ஏற்றி, பொள்ளாச்சியில் ஒரு ஸ்டூடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டார். மாமா லுங்கியோடு முழுசாக வந்தார். ஸ்டூடியோக்காரர் மேல் தப்பில்லை. ஷாட்வெல்லுக்கு உள்ளிருந்து ஏற்றுமதி செய்து எடுத்திருந்தால் நறுக்கியது வந்திருக்கும். வழி தெரிந்தவருக்கு இது வசதி. தெரியாதவருக்கு, மாமா.

என் கதை இன்னும் மோசம். மூன்று வருடம் ஷாட்வெல்லில் படத்துக்குப் படம் குறிச்சொல் (தேடி எடுக்க உதவும் சிறு பெயர்) போட்டேன். ஒருநாள் உபுண்டுவைப் புதிதாக ஏற்றும் முன் படங்கள் ஃபோல்டரை வெளி ஹார்டிஸ்கில் எடுத்து வைத்தேன், மீதியை அழித்தேன். டேட்டாபேஸ் இருப்பது படங்கள் ஃபோல்டரில் அல்ல, முகப்பு ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் மறைவான ஃபோல்டர் ஒன்றில். அது போயிற்று, குறிச்சொற்களும் போயின. குறிச்சொற்களையும் தலைப்புகளையும் படத்துக்குள்ளேயே எழுது என்று ஒரு தேர்வு ஷாட்வெல்லின் விருப்பங்களில் இருக்கிறது. அதை நான் டிக் செய்திருக்கவில்லை. தப்பு என்னுடையதுதான். ஆனால் என்னைப்போல ஒருவன் இந்தத் தப்பைச் செய்வான் என்றால், வாசகசாலைக்கு வரும் நூறு பேரில் தொண்ணூறு பேர் செய்வார்கள்.

சரி, ஜிதம்ப் மட்டும் என்ன ஒசத்தி?

அது ஃபோல்டரை ஃபோல்டராகவே காட்டும். இடது பக்கம் மரம்போல ஃபோல்டர்கள், வலது பக்கம் படங்கள். 'உள்ளே இழுத்தல்' என்ற சடங்கு இல்லாமலே பார்க்கலாம். பென்டிரைவைச் செருகினால் பென்டிரைவில் இருப்பது தெரியும், பிடுங்கினால் போய்விடும். மறைவாக நகல் எடுத்து வைக்காது. விண்டோஸ் ஃபோல்டரில் பழகியவர்களுக்கு ஒரு நிமிடத்தில் புரிகிறது. எழுதும் குறிப்பையும் குறிச்சொல்லையும் முடிந்தவரை படத்துக்குள்ளேயே சேமிக்கும் தேர்வு இருக்கிறது. எங்கள் ஆறு கம்ப்யூட்டரிலும் அது டிக் ஆகியிருக்கிறதா என்று நானே பார்த்தேன். அப்படிச் சேமித்தால் எக்ஸ்எம்பி, ஐபிடிசி போன்ற பொது முறைகளில் எழுதுவதால் நாளைக்கு வேறொரு மென்பொருளும் படிக்கும். சில குறிப்புகளை அந்தந்த ஃபோல்டருக்குள் மறைவாக இருக்கும் துணை ஃபோல்டரிலும் வைக்கும். ஃபோல்டரை முழுசாக நகலெடுத்தால் அதுவும் கூடவே வந்துவிடும். படம் படமாகப் பொறுக்கினால் வராது.

பிஎஸ்சி (அரசு வேலைத் தேர்வாணையம்) விண்ணப்பத்துக்குப் போட்டோவைக் குட்டியாக்கும் வேலைதான் இங்கே தினமும் நடக்கிறது. அளவு மாற்றும் கருவி கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது, ஒரே நேரத்தில் பல படங்களுக்கும் செய்யலாம். உண்மையைச் சொன்னால் வாக்கெடுப்பில் பாதி ஓட்டு இதற்காக விழுந்ததுதான்.

குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. ஜிதம்ப்பில் வெட்டிவிட்டு 'சேமி' அழுத்தினால் மூலப்படத்தின் மேலேயே எழுதிவிடும். மாமாவோடு சேர்ந்து நின்ற தென்னையும் போனது போனதுதான். ஜேபெக் (போட்டோக்கள் வழக்கமாக இருக்கும் வடிவம்) படத்தைத் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் குறையும். அதனால் எல்லாத் திரைகளின் மேலும் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறோம்: "வெட்டும் முன் வேறு பெயரில் சேமிக்கவும்." சீட்டு ஒட்டவேண்டிய மென்பொருள் நல்ல மென்பொருளா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒட்ட இடமே இல்லாத மாதிரி மறைவாக நடப்பதைவிட, கண்முன்னே நடப்பது தேவலை என்று நாங்கள் முடிவுசெய்தோம்.

இதே ஜிதம்ப்பை எடுத்துக்கொண்டுதான் லினக்ஸ் மின்ட் 2016-ல் பிக்ஸ் என்று பெயரிட்டுத் தன் டிஃபால்ட்டாக வைத்தது. வீட்டில் மின்ட் வைத்திருப்பவர்கள் புதிதாக ஒன்றும் போடவேண்டாம்.

டிஜிகேம்தான் எல்லாவற்றிலும் பெரியது என்கிறார்களே?

பெரியதுதான். முகம் அடையாளம் காணும், ரா படங்களை (கேமரா பதிந்த மூலவடிவம்) கையாளும், குறிச்சொல்லுக்குள் குறிச்சொல் வைக்கும், படத்தைத் தொடாமல் பக்கத்தில் தனி ஃபைலில் எல்லாவற்றையும் எழுதி வைக்கவும் செய்யும். கல்யாணப் போட்டோ தொழில் செய்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் எங்கள் கம்ப்யூட்டர்களில் இரண்டில் 4 ஜிபி ராம்தான். திறந்துவிட்டு ஒரு டீ குடித்து வரலாம். முதல் முறை திறந்ததும் அது கேட்கும் கேள்விகளை ஒவ்வொருவருக்கும் விளக்க என்னால் முடியாது. பூவரசங் கிளை வெட்டக் கோடாலி எதற்கு?

ஸ்கூல் பிள்ளைகள் ஏற்கெனவே லினக்ஸ் பழகியவர்கள். அவர்களைக் கேட்டீர்களா?

கேட்டோம், நல்லதாகப் போயிற்று. கேரளப் பள்ளிகளில் கைட் என்ற அரசுக் கல்வித் தொழில்நுட்ப அமைப்பு தரும் லினக்ஸ் உபுண்டுவின் வழி வந்ததுதான். 2017-க்கு முன் அந்த அமைப்புக்கு ஐடி அட் ஸ்கூல் என்று பெயர். தமிழ் மீடியம் பிள்ளைகளும் அதில்தான் படிக்கிறார்கள். பெரியவர்கள் 'ஸ்டார்ட் பட்டன் எங்கே' என்று திண்டாடும்போது லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கம்ப்யூட்டர் குழுவில் இருக்கும் எட்டாம் வகுப்புப் பெண் வந்து இரண்டு கிளிக்கில் முடித்துவிட்டுப் போகிறாள். அவளுடைய ஓட்டு ஷாட்வெல்லுக்கு. "மாமா, மூலப்படம் பத்திரமா இருக்குமே" என்றாள். அவள் சொன்னதும் சரிதான். அதனால் ஆறில் ஒரு கம்ப்யூட்டரில் ஷாட்வெல்லையும் ஏற்றி, படத்துக்குள் எழுதும் தேர்வை டிக் செய்து வைத்திருக்கிறோம்.

ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

தாராளமாக. ஆனால் இரண்டு மூன்று சங்கதி தெரிந்திருக்கவேண்டும். இதை எங்கேயும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலாவது நீளம். உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 ஃபைல் அமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் பொது முறை) குறியீட்டுக்கும் 3 பைட். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். 'கொங்கன்படை' என்று எழுதினால் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, கம்ப்யூட்டருக்கு 10 குறியீடு, 30 பைட். ஆக மொத்தம் 85 குறியீட்டில் பெயர் முடிந்துவிடவேண்டும். விண்டோஸ் கணக்கு வேறு: அங்கே 255 குறியீடு வரை போகலாம். "பெரிய தாத்தா எண்பதாம் கல்யாணம் வண்ணாமடை மண்டபம் காலையில் எடுத்தது அத்தை வீட்டார் எல்லோரும் சேர்ந்து நின்றது" என்று ஒருவர் விண்டோஸில் ஆசையாகப் பெயர் வைத்திருந்தார். உபுண்டுவுக்கு நகலெடுக்கும்போது பெயர் நீளம் என்று நின்றுவிட்டது. பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று பயந்துபோனார் மனுஷன்.

இரண்டாவது, ஒரே மாதிரி தெரியும் இரண்டு பெயர்கள். 'கொ' என்பதில் வரும் ஒகரத்தை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் கொம்பு பின்னால் கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. வேறு வேறு கீபோர்டில் அடித்தால் சில சமயம் இப்படி இரண்டு 'கொங்கன்படை' ஃபோல்டர் உண்டாகும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காமல் போகலாம். அப்படி ஏதாவது சிக்கினால் ஒன்றின் பெயரை நகலெடுத்து மற்றதில் ஒட்டுங்கள்.

மலையாளத்தில் பெயர் வைப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. ன், ல், ர் போன்ற ஒலிகளுக்கான சில்லெழுத்துகளுக்கு 2008-ல் யூனிகோடு 5.1-ல்தான் தனிக் குறியீடு வந்தது. அதற்கு முன் எழுதியது வேறு விதம். பழைய ஃபைலைப் புதிய எழுத்தில் தேடினால் அகப்படாமல் போகலாம்.

மூன்றாவது, பழைய ஸ்டூடியோ சிடிகள். யூனிகோடு பரவும் முன்னால் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த பெயர்கள் இங்கே ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஃபைல் கெடவில்லை. படத்தைத் திறந்து பார்த்துப் புதுப் பெயர் கொடுத்துவிடுங்கள்.

நான் பழக்கமாக ஆண்டும் மாதமும் முதலில் வைத்து, அப்புறம் இரண்டு சொல் தமிழில் எழுதுகிறேன்: 2024-03-கொங்கன்படை. வரிசையும் தானாக அமையும், பாதி எண்களாக இருப்பதால் நீளமும் கைக்குள் நிற்கும். கொங்கன்படை தெரியாத வெளியூர்க்காரர்களுக்கு: சித்தூர் பகவதி கோயிலில் கும்ப மாதத்தில் நடக்கும் திருவிழா. கொங்குப் படை வந்து தோற்றுப்போனதைக் கொண்டாடுகிறார்கள். கொங்குநாட்டு வேர் உள்ள எங்களில் பாதிப்பேர் வருஷாவருஷம் போய் நம் தோல்வியை நாமே போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறோம்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் ஏன் தேதி மாறி நிற்கின்றன?

கேமராவும் போனும் படம் எடுத்த நேரத்தை எக்ஸிஃப் என்ற குறிப்பாகப் படத்துக்குள்ளேயே எழுதும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது அந்தக் குறிப்பு கழன்றுவிடும். ஃபைல் பெயரில் இருக்கும் தேதி வாட்ஸ்அப்பில் வந்த தேதி, கல்யாணம் நடந்த தேதி அல்ல. எடுத்தவரிடம் 'டாக்குமெண்டாக அனுப்புங்கள்' என்று கேளுங்கள். குறிப்பும் தரமும் அப்படியே வரும். தேதியை நம்பி அடுக்கும் ஷாட்வெல் இங்கே தடுமாறும். ஃபோல்டரை நம்பும் ஜிதம்ப்புக்குக் கவலை இல்லை.

பழைய டிஜிட்டல் கேமராவில் எடுத்த படமெல்லாம் ஏதோ ஒரு ஜனவரி 1-ம் தேதி என்கிறதே?

பேட்டரி தீர்ந்தபோது அதன் கடிகாரம் ஆரம்பத்துக்குப் போயிருக்கும். ஒரே ஒரு படத்தின் சரியான தேதி தெரிந்தால் போதும். ஷாட்வெல்லில் மொத்தப் படங்களையும் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் அத்தனை நாள் தள்ளிவைக்கலாம். இந்த வேலைக்கு ஷாட்வெல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு வாருங்கள்.

கல்ஃபிலிருந்து வந்தவரின் ஐபோன் படம் திறக்க மாட்டேன் என்கிறது.

2017-க்குப் பிறகு ஐபோன்கள் ஹெய்க் என்ற வடிவத்தில் சேமிக்கின்றன. ஜேபெக்கைவிடப் பாதி இடம்தான் பிடிக்கும். ஜிதம்ப்பின் புதிய பதிப்புகள் படிக்கும். படிக்காவிட்டால், போனின் கேமரா அமைப்பில் ஃபார்மேட்ஸ் என்பதற்குள் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' தேர்ந்தெடுத்தால் இனி எடுப்பவை ஜேபெக்காக வரும். ஏற்கெனவே எடுத்தவற்றை இங்கே மாற்றித் தருகிறோம்.

எல்லாம் போனிலும் கூகுளிலும் இருக்கும்போது கம்ப்யூட்டர் எதற்கு?

இருந்தால் சரி. 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் ஏற்றுவதெல்லாம் 15 ஜிபி இலவச இடத்துக்குள் கணக்காகிறது. அதே 15 ஜிபியில் ஜிமெயிலும் டிரைவும் பங்கு கேட்கும். இடம் நிறைந்துவிட்டது என்று சேதி வந்த அன்றைக்குத்தான் பெரும்பாலோர் எங்கள் படியேறுகிறார்கள்.

பொதுக் கம்ப்யூட்டரில் குடும்பப் போட்டோவைத் திறப்பது பத்திரமா?

பென்டிரைவிலேயே வைத்துப் பாருங்கள், கம்ப்யூட்டருக்கு நகலெடுக்க வேண்டாம். ஆனால் ஒன்று: படங்களைப் பார்க்கும்போது அவற்றின் குட்டி வடிவங்கள் ஒரு மறைவான ஃபோல்டரில் தங்கிவிடும், மூலத்தை அழித்தாலும் அவை போகாது. ஜிதம்ப் என்றில்லை, உபுண்டுவின் ஃபைல் மேலாளரும் அப்படித்தான். தினமும் சாயங்காலம் பூட்டும் முன் அந்த ஃபோல்டரைக் காலி செய்கிறோம். நீங்களே கேட்டுச் செய்யச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

என் வீட்டில் வேறு மென்பொருளை டிஃபால்ட் ஆக்குவது எப்படி?

ஒரு படத்தின்மேல் வலது கிளிக் செய்து, 'வேறொன்றில் திற' என்பதை அழுத்தி, வேண்டிய மென்பொருளைத் தேர்ந்தெடுத்து, இந்த வகை ஃபைலுக்கு எப்போதும் இதுவே என்ற பொத்தானைத் தள்ளுங்கள். ஜேபெக்குக்குச் செய்தால் பிஎன்ஜிக்குத் தானாக வராது, அதற்கும் ஒருமுறை செய்யவேண்டும். அமைப்புகளில் செயலிகள் பகுதிக்குள்ளும் இதற்கு ஓர் இடம் உண்டு.

பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து தருவீர்களா?

தருகிறோம், ஞாயிறு காலை மட்டும். நாலுக்கு ஆறு அங்குல பிரிண்டை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தால் 2400-க்கு 3600 புள்ளி வரும். அதே அளவில் திரும்பப் பிரிண்ட் போட மட்டும் என்றால் 300 போதும். ஸ்கேன் செய்த படத்துக்குள் இருப்பது ஸ்கேன் செய்த தேதிதான். அதனால் எந்த ஆண்டு, யார் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். நாங்கள் அதைப் படத்துக்குள்ளேயே குறிப்பாக ஏற்றிவிடுகிறோம். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்த்து எடுக்கவேண்டாம், ஆல்பத்தோடு கொண்டுவந்தால் பக்கத்தையே ஸ்கேனரில் கவிழ்த்து வைக்கலாம். தமிழ் மாஷ் முதல் ஆளாக நாலு ஆல்பத்தோடு பெயர் கொடுத்திருக்கிறார். இந்த மாதம் முழுக்க அவருடையதுதான் ஓடும், மற்றவர்கள் அடுத்த மாதத்துக்குச் சொல்லிவையுங்கள்.